பாக்கெட்டுக்கு வக்காலத்து வாங்குகிற அணிக்கு, ஃபிஷ் கேக் சார்பில் ஒரு பதில்

நடுவர் அவர்களே, வணக்கம். எதிரணி நண்பர்களுக்கும் வணக்கம். உறைந்த பாக்கெட்டுக்கு வக்கீலாக வந்து உட்கார்ந்திருக்கிறார்கள், பாவம், அவர்கள் மேல் எனக்குக் கோபம் எதுவும் இல்லை. "ஃபிஷ் கேக்: வீட்டிலேயே முதலிலிருந்து செய்வதா, பாக்கெட்டை வாங்கிப் பொரிப்பதா?" இதுதான் தலைப்பு. ஃபிஷ் கேக் என்றால் இனிப்புக் கேக் இல்லை, மீன் கலவையை வடை மாதிரி தட்டிப் பொரிப்பது. வீட்டில்தான் என்பது எங்கள் கட்சி.

எனக்கு முன் பேசிய எதிரணித் தலைவர் என்ன சொன்னார்? வீட்டில் செய்தால் எண்ணெயில் உடைகிறது, முள் மாட்டுகிறது, பொழுது போய்விடுகிறது, தொழிற்சாலையில் செய்தது பாதுகாப்பானது என்றார். கைதட்டலும் வாங்கினார். நானும் தட்டினேன், பேச்சு நன்றாக இருந்தது. விஷயத்தில்தான் ஓட்டை.

உடைகிறது என்பதை முதலில் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் நிறைய பேர் ஒருமுறை செய்து பார்த்துவிட்டு விட்டுவிடுவது இதனால்தான், விட்டுவிட்டுத் தனக்குக் கைப்பக்குவம் இல்லை என்று முடிவும் கட்டிக்கொள்கிறார்கள். பக்குவமெல்லாம் இல்லை நடுவர் அவர்களே, தண்ணீர்! உருளைக்கிழங்கும் வெந்த மீனும் சேர்த்துச் செய்கிற வகையில் குற்றவாளி பெரும்பாலும் ஈரம்தான். கிழங்கைத் துண்டு துண்டாக வெட்டி வேகவைத்தால் அது தண்ணீர் குடிக்கும், அதனால் தோலோடு முழுசாக வேகவைக்கவேண்டும், வடித்த பிறகு அதே சூடான பாத்திரத்தில் ஓரிரு நிமிடம் போட்டு ஆவி போகவிடவேண்டும். மீனைக் கொதிக்கக் கொதிக்க வேகவைக்காமல் ஆவியிலோ அடுப்புச் சூட்டிலோ லேசாக வேகவைத்து, வடிகிற நீரைக் கொட்டிவிட்டு, பெரிய பெரிய இதழாக உதிர்க்கவேண்டும். அப்புறம் முக்கியமான ஒன்று: கிழங்கை மிக்ஸியில் போடக்கூடாது. மிக்ஸி பிளேடு கிழங்கின் செல்களை உடைத்து ஸ்டார்ச்சை வெளியே விட்டுவிடும், கிடைப்பது மசியல் இல்லை, பசை. கையால் மசித்து, ஆறவிட்டு, மீனைக் கடைசியில் புரட்டிச் சேர்த்து, தட்டி, அரை மணி நேரமாவது ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டு, மாவு, முட்டை, பிரெட் தூள் என்று வரிசையாகப் புரட்டி 180 டிகிரி எண்ணெயில் போட்டுப் பாருங்கள். உள்ளே இருப்பதெல்லாம் ஏற்கனவே வெந்தது, மேலே நிறம் வந்து உள்ளே சூடேறினால் முடிந்தது வேலை.

கிழங்கே இல்லாமல் பச்சை மீனை அரைத்துச் செய்கிற இன்னொரு வகை இருக்கிறது. என் மனசு அந்தப் பக்கம்தான், ஒளிக்கவில்லை. அதில் முட்டைகூட வேண்டாம், பிடித்து வைப்பது மீனே. மீன் தசையில் மயோசின் என்ற புரதம் இருக்கிறது, உப்புப் போட்டுப் பிசைந்தால் அது கரைந்து வெளியே வந்து மொத்தத்தையும் பிசுபிசுவென்று ஒட்டவைக்கும், சூடு பட்டதும் இறுகி வலைபோலப் பின்னிக்கொள்ளும். 500 கிராம் சதைக்கு 8 முதல் 10 கிராம் உப்பு. உப்பைக் குறைத்தால் சேராது. இன்னொரு நிபந்தனை குளிர்ச்சி: கலவை 10 டிகிரிக்குள் இருக்கவேண்டும், அதற்குத்தான் ஐஸ் தண்ணீரைக் கரண்டி கரண்டியாக விடுவது. மிக்ஸி சூடாகி, அந்தச் சூட்டில் புரதம் முன்கூட்டியே கெட்டுப்போனால் அப்புறம் எவ்வளவு அடித்தாலும் மணல் மாதிரி உதிரும். சமைக்கும்போதும் மந்தமான சூட்டில் நெடுநேரம் போடக்கூடாது, 50 முதல் 70 டிகிரிக்குள் அது இழுத்துக்கொண்டு கிடந்தால் மீனில் இருக்கிற நொதிகளே அந்தப் பின்னலை அறுத்துவிடும். இவ்வளவுதான் ரகசியம். இதில் பரம்பரைக் கைராசி எங்கே வந்தது?

இப்போது பாக்கெட்டுக்கு வருகிறேன். அந்தப் பக்கத்துக்கும் நியாயமாகச் சொல்லவேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். 1960-ஐ ஒட்டி ஜப்பானின் ஹொக்கைடோவில் ஆய்வாளர்கள் ஒரு பெரிய சிக்கலைத் தீர்த்தார்கள். அலாஸ்கா பொல்லாக் என்ற மீன் ஏராளமாகக் கிடைத்தது, ஆனால் உறையவைத்தால் அதன் புரதம் சீக்கிரமே கெட்டுப் பஞ்சாகிவிடும். சதையை அரைத்துத் தண்ணீரில் அலசி, சர்க்கரை சேர்த்து உறையவைத்தால் அந்த ஒட்டும் குணம் பிழைத்துக்கொள்கிறது என்று கண்டுபிடித்தார்கள். சுரிமி, அதாவது இப்படி அரைத்து அலசிய மீன் சதை, அந்தத் தொழிலே அதனால்தான் உலகம் முழுக்கப் பரவியது. அருமையான வேலை, மறுக்கவே மாட்டேன். ஆனால் அந்தச் சர்க்கரை யாருக்காக? உங்கள் நாக்குக்காகவா? ஃப்ரீசருக்காக! அலசும்போது வாடையும் கொழுப்பும் போகிறது, கூடவே மீனின் ருசியிலும் பாதி போய்விடுகிறது, அதை ஈடுகட்ட சுவையூட்டி வருகிறது, விலையைக் கட்டுப்படுத்த ஸ்டார்ச் வருகிறது. பாக்கெட்டின் பின்பக்கத்தைப் படியுங்கள், சேர்மானங்களை எடை அதிகமானதிலிருந்து குறைவானதற்கு என்ற வரிசையில் போடவேண்டும் என்பது பெரும்பாலான நாடுகளில் விதி. முதலில் கிழங்கோ மாவோ நிற்கிறது, மீன் அதற்குப் பின்னால் நிற்கிறது என்றால் நீங்கள் காசு கொடுத்தது எதற்கு?

முள்ளா? தோலோடு இருக்கிற துண்டைப் பலகையில் வைத்துக் கரண்டி விளிம்பால் சுரண்டுங்கள், சதை வரும், முள்ளில் பெரும்பாலானது தோலோடு தங்கும். பிறகு விரலால் ஒரு தடவல். அவ்வளவுதான், இதற்கு மேல் இதில் பேச ஒன்றுமில்லை.

பாதுகாப்பு என்றார் தலைவர். அங்கே சோதனை, எந்திரம் எல்லாம் இருக்கிறது, சரி. ஆனால் அரைத்துவிட்ட மீன் புதுசா பழசா என்று நீங்கள் எப்படிப் பார்ப்பீர்கள்? முழு மீன் என்றால் கண் தெளிவாக இருக்கிறதா, செவுள் சிவந்திருக்கிறதா, அழுத்தினால் சதை திரும்பி எழுகிறதா என்று பார்க்கலாம். அயலை, சூரை மாதிரி மீன்கள் சூட்டில் கிடந்தால் ஹிஸ்டமின் என்ற நச்சுப்பொருள் உண்டாகும், அது எத்தனை நேரம் வேகவைத்தாலும் அழியாது. ஆகவே குளிர்ச்சி விடாமல் வந்த மீனா என்று பார்த்து வாங்கவேண்டும், அந்தப் பொறுப்பு நமக்கு இருக்கிறது, அதை நான் மறைக்கவில்லை. அரைத்த பச்சை மீனில் மேற்பரப்புக் கிருமி உள்ளே வரை கலந்துவிடும் என்பதால் நடுப்பகுதி 68 டிகிரியாவது தொடவேண்டும். தெர்மாமீட்டர் ஒன்று இருந்தால் சண்டையே இல்லை.

நேரம் என்கிற குற்றச்சாட்டை ஒப்புக்கொள்கிறேன் நடுவர் அவர்களே. ஆகத்தான் செய்கிறது. ஆனால் கிழங்கு வேகிற நேரத்தில் நீங்கள் வேலை செய்வதில்லை, ஃப்ரிட்ஜில் இருக்கிற நேரத்தில் கேக்தான் காத்திருக்கிறது, நீங்கள் இல்லை. ஒரே தடவையில் இரண்டு மடங்கு தட்டி, தட்டில் ஒட்டாமல் பரப்பி உறையவைத்துவிட்டால் அடுத்த முறை உங்கள் ஃப்ரீசரிலும் ஒரு பாக்கெட் இருக்கும், அதில் என்ன இருக்கிறது என்று பின்பக்கம் திருப்பிப் படிக்கவேண்டியதில்லை.

மணி அடித்துவிட்டீர்கள், ஒரே நிமிடம். அடுத்துப் பேசப்போகிற எதிரணி அம்மாவுக்கு ஒரு கேள்வி மட்டும் வைத்துவிட்டு உட்காருகிறேன். இந்த மேடைக்கு வரும் முன் நீங்கள் சாப்பிட்டதாகச் சொன்னீர்களே அந்த ஃபிஷ் கேக், அதில் இருந்தது என்ன மீன் அம்மா?