அழுதது வேறு கிணற்றடியில்

வணக்கம் உறவுகளே. காற்று இரைகிறது, குரல் தெளிவாகக் கேட்காவிட்டால் குறை நினைக்காதீர்கள். யாழ்ப்பாணத்தின் வடகரையில், எங்கள் ஊர் மயிலிட்டியில் நிற்கிறேன். பின்னால் தெரிவது துறைமுகம்.

முதலில் ஒரு வெட்கக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன். காலையில் ஒரு கிணற்றுக் கட்டில் இருந்து பத்து நிமிடம் வீடியோ எடுத்தேன். இதுதான் நான் குளித்து வளர்ந்த கிணறு என்று தொண்டை அடைக்கப் பேசி, அழுதும் விட்டேன். அப்புறம் அம்மாவுக்கு வாட்ஸ்அப்பில் காட்டினேன். அவர் இருக்கிற கனடா ஸ்காபரோவில் அப்போது நடுச்சாமம். கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு பார்த்தவர், "அது எங்கட கிணறில்லையடா. எங்கட கட்டு இவ்வளவு உயரமில்லை" என்றார்.

சிரிக்காதீர்கள். 1990 ஜூன் 15 சண்டைக்குப் பயந்து இங்கிருந்து ஓடும்போது எனக்கு ஒன்பது வயது. நாலு நாளில் திரும்பிவிடலாம் என்று அம்மம்மா கோழிகளுக்குச் சட்டியில் தண்ணீர் வைத்துவிட்டு வந்தார். பிறகு இந்தப் பக்கமெல்லாம் இராணுவத்தின் உயர் பாதுகாப்பு வலயமாகிவிட்டது, ஊர்ச்சனம் உள்ளே வர முடியாது. துறைமுகத்தைத் திரும்ப விட்டது 2017 ஜூலையில்தான். 27 வருடம். அம்மம்மா அதற்கு வெகு முன்னமே அகதி முகாமில் கண்ணை மூடிவிட்டார்.

வீடு இடிந்து கிடக்கும் என்று மனதைக் கல்லாக்கிக்கொண்டுதான் வந்தேன். வேலிகள் இருக்காது என்பது மட்டும் தோன்றவே இல்லை. எனக்குத் தெரிந்த மயிலிட்டியே வேலிதான். பூவரசங் கதியால், கிடுகு வேலி, இரண்டுக்கும் நடுவே ஒரு சைக்கிள் மட்டும் போகிற ஒழுங்கை. கடைக்குப் போவதென்றால் தகரப் படலையில் திரும்பி, வேலிப் பொட்டுக்குள்ளால் குனிந்து போக வேண்டும். இப்போது பாருங்கள், கமராவைத் திருப்புகிறேன். வேலி இல்லை, ஒழுங்கையும் இல்லை, எல்லாம் ஒரே பற்றை. எங்கே திரும்புவது? மிஞ்சி நிற்பது கிணறுகள்தான்.

ட்ரோன் கொண்டுவந்து மேலே இருந்து காட்டச் சொன்ன தம்பிமாருக்கு: பலாலி விமான நிலையம் அந்தா இருக்கிறது. ஏற்றினால் நான் கனடா திரும்பியபாடில்லை. அந்தப் பக்கம் இன்னும் விடாத காணிகளும் இருக்கின்றன.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். அம்மா போனை வைக்கவில்லை. "கட்டைத் தடவிப் பார். அம்மம்மா மீன் வெட்டுற கத்தியைத் தீட்டித் தீட்டி ஒரு பள்ளம் இருக்கும்" என்றார். மூன்றாவது கிணற்றில் அது கையில் பட்டது. இதோ, கிட்டக் காட்டுகிறேன். பாசி பிடித்த சீமெந்தில் ஒரு சாண் நீளத்துக்கு வழவழவென்று குழிந்திருக்கிறது அல்லவா? என் பெருவிரல் அப்படியே உள்ளே அமர்கிறது. கட்டின் வெடிப்பில் ஓர் அரசங்கன்று முளைத்திருக்கிறது. உள்ளே பழைய டயர் ஒன்று மிதக்கிறது.

இந்த முறை அழுகை வரவில்லை. காலையிலேயே செலவழித்துவிட்டேன் போல.

அம்மாதான் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "தண்ணி உவராப் போச்சோ எண்டு ஒருக்கால் வாயில விட்டுப் பார்" என்றார். என்னிடம் வாளி இல்லை. அங்கே புதிதாகக் கூரை போட்ட வீட்டு அக்காவிடம் கயிறும் வாளியும் கேட்டிருக்கிறேன். எடுத்துக்கொண்டு வருகிறார், பொறுங்கள்.