யுரேனஸின் துருவ ஒளியும் 28 வினாடிகளும்

[திரையில்: புற ஊதாக் கதிரில் பதிவான வியாழன்; துருவத்தைச் சுற்றி ஒளிவளையம்]

நீங்கள் காண்பது வியாழனின் பகல் பக்கம். வெயில் படும் பக்கத்திலேயே துருவ ஒளி இவ்வளவு பளிச்சென்று தெரிவதற்குக் காரணம், இந்தப் படம் புற ஊதாக் கதிரில் எடுக்கப்பட்டது என்பதே. காந்தப்புலக் கோடுகள் வழியே பாய்ந்து வரும் எலக்ட்ரான்கள் மேல் வளிமண்டலத்தில் மோதும்போது, அங்குள்ள ஹைட்ரஜன் அணுக்கள் 121.6 நானோமீட்டர் அலைநீளத்திலும், ஹைட்ரஜன் மூலக்கூறுகள் ஏறத்தாழ 170 நானோமீட்டர் வரையிலும் ஒளிர்கின்றன; அதுதான் இந்தத் துருவ ஒளி. இந்த அலைநீளங்களில் சூரியன் தரும் ஒளி மிகக் குறைவு. அதிலும் ஒரு பகுதியைக் கோளின் மீத்தேன் உறிஞ்சிக்கொள்கிறது. ஆகவே கோளின் முகம் இருண்டுவிட, துருவ ஒளி தனித்துத் தெரிகிறது. பூமியின் வளிமண்டலம் இக்கதிர்களைத் தடுத்துவிடுவதால், விண்வெளியிலிருந்துதான் இவற்றைப் பார்க்க முடியும்.

[திரையில்: வளையத்துக்கு வெளியே வாலுடன் ஒரு புள்ளி]

வளையத்துக்குச் சற்று வெளியே, வால் நீண்ட அந்தப் புள்ளியைக் கவனியுங்கள். அது அயோ நிலவின் தடம். அயோவுக்கும் வியாழனுக்கும் இடையே ஓடும் மின்னோட்டம் வந்து இறங்கும் இடம்.

[திரையில்: யுரேனஸ்]

யுரேனஸில் இந்த ஒளி மிகவும் மங்கல். 1986-இல் வாயேஜர் 2 விண்கலம் அதை அருகிலிருந்து பதிவுசெய்தது. பின்னர் 2011 செப்டம்பரில் சூரியனில் நிகழ்ந்த வெடிப்புகளின் அலை யுரேனஸை எப்போது எட்டும் என்று முன்கூட்டியே கணித்து, ஏறத்தாழ இரண்டு மாதம் கழித்து, நவம்பரில் ஹபிள் தொலைநோக்கியை அதன் பக்கம் திருப்பினார்கள். சில நிமிடங்களே நீடித்த ஒளிப்புள்ளிகள் அகப்பட்டன. அந்தப் பொறுமை என்னை இன்றும் வியக்க வைக்கிறது.

அதனால் கிடைத்த பயன் இன்னும் பெரிது. யுரேனஸ் ஒரு முறை சுழல 17 மணி 14 நிமிடம் 24 வினாடி ஆகும் என்று வாயேஜர் அளந்திருந்தது. ஆனால் அதில் 36 வினாடி வரை பிழை இருக்கலாம். சிறிய பிழைதான் என்றாலும், சுற்றுக்குச் சுற்று அது சேர்ந்துகொண்டே போவதால், இரண்டே ஆண்டுகளில் காந்தத் துருவம் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்பதே தெரியாமல் போய்விடும். காந்த அச்சு சுழற்சி அச்சிலிருந்து 59 பாகை சாய்ந்திருப்பதால், துருவ ஒளியும் கோளோடு சேர்ந்து சுழல்கிறது. 2011 முதல் 2022 வரை ஹபிள் பதிவுசெய்த அந்த ஒளியைப் பின்தொடர்ந்து, சுழற்சிக் காலம் 17 மணி 14 நிமிடம் 52 வினாடி என்று 2025-இல் அறிவித்தார்கள். முன்பு நினைத்ததைவிட 28 வினாடி அதிகம். துல்லியமோ ஆயிரம் மடங்கு. யுரேனஸின் காந்தத் துருவம் எந்த நாளில் எங்கே இருக்கும் என்பதை இனிப் பல பத்தாண்டுகளுக்குக் கணக்கிட்டே சொல்லிவிடலாம்.