அச்சடித்த வட்டத்தைக் கொடுக்காதீர்கள்

(இலங்கை மலையகத்தில் ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் சின்னப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆசிரியைகளிடம் பேசியதன் எழுத்து வடிவம்)

வணக்கம் டீச்சர்மாரே, அம்மாமாரே. அம்மாமார் வேலைக்குப் போகையில் குட்டிகளை விட்டுச்செல்லும் பிள்ளைக் காம்பராவில் காலையிலிருந்து மாலைவரை நிற்கிற உங்களிடம் ஒன்றரை வயதிலிருந்து மூன்று வயதுவரை உள்ள குட்டிகளைப் பற்றி மட்டும் பேசுகிறேன். என் வேண்டுகோள் ஒன்றுதான்: அச்சடித்த வட்டத்தையும் சதுரத்தையும் கையில் கொடுத்து, "கோட்டுக்கு வெளியே போகாமல் கலர் அடி" என்று சொல்லாதீர்கள்.

பார்த்து வட்டம் போட ஒரு பிள்ளைக்கு ஏறத்தாழ மூன்று வயதாக வேண்டும். சதுரத்துக்கு நாலு, நாலரை. முக்கோணத்துக்கு ஐந்துகூட ஆகும், ஏனென்றால் சாய்ந்த கோடுகளைக் கொண்டுபோய் ஒரு மூலையில் சேர்ப்பது அந்தச் சின்னக் கைக்குப் பெரிய வேலை. இரண்டு வயதுப் பிள்ளையின் கையைப் பிடித்து முக்கோணம் போடவைத்தால் அதை வரைந்தது நீங்கள். ஆனால் கையிலுள்ள பொருள் உருளுகிறதா, மூலை குத்துகிறதா என்று அதே பிள்ளைக்கு இப்போதே தெரியும். 1837இல் ஜெர்மனியில் சின்னப் பிள்ளைகளுக்கென்று நிலையம் தொடங்கிய ஃப்ரோபெல் மரப்பந்து, மர உருளை, மரக் கட்டை என்று கொடுத்ததும் இதற்காகத்தான். பந்து எப்படி வைத்தாலும் ஓடும், கட்டை உட்கார்ந்துவிடும், உருளை படுத்தால் ஓடும், நிறுத்தினால் நிற்கும். பெயர் அப்புறம் வரட்டும்.

சரி, எங்கே தொடங்குவது? நம்மைச் சுற்றி விளைகிற மரக்கறியில். சாப்பாட்டை விளையாடக் கொடுப்பதா என்று கேட்பீர்கள், நியாயமான கேள்வி, அதனால் சமையலில் வெட்டி எறிகிற துண்டுகளை மட்டும் எடுங்கள். லீக்ஸின் அடிப்பக்கத்தைக் கலரில் தோய்த்துப் பேப்பரில் பதித்தால் வளையத்துக்குள் வளையம் வரும். வெண்டிக்காயின் காம்புப் பக்கம் பூ மாதிரி விழும். கரட் இருக்கிறதே, அதுதான் எனக்கு மிகவும் பிடித்தது: குறுக்கே நேராக வெட்டினால் வட்டம், சரிவாக வெட்டினால் நீள்வட்டம், இரண்டும் ஒரே கரட்! இரண்டையும் பக்கத்தில் வைத்துவிட்டு நீங்கள் சும்மா இருங்கள். கோதுமை மாவைத் தண்ணீரில் கூழாகக் காய்ச்சி ஆறவைத்து, பீட்ரூட் அவித்த தண்ணீரோ மஞ்சளோ கலந்தால் கலர் தயார். வாயில் வைக்கிற வயது, பச்சை மா வேண்டாம்.

மழை நாளில் கண்ணாடி ஜன்னலில் ஆவி படியும், அதில் விரலால் சுற்றட்டும். வெயில் வந்தால் வாசல் சிமெந்தில் தண்ணீரும் பிரஷும் போதும். ஓரம் உயர்ந்த தட்டத்தில் பேப்பர் விரித்து, கலரில் தோய்த்த டென்னிஸ் பந்தை உருட்டவிடுங்கள், பக்கத்திலேயே தேயிலைப் பெட்டி ஒன்றையும் கலரில் தோய்த்து வையுங்கள். பந்து கோடு போட்டு ஓடுகிறது, பெட்டி ஓடாமல் சதுரமாகக் குந்திவிடுகிறது, அதைப் பிள்ளை திரும்பத் திரும்பத் தள்ளிப் பார்க்கும், பேப்பர் கிழியும்வரை. கிழியட்டும்.

அந்த நேரத்தில் "இது என்ன வடிவம்?" என்று பரீட்சை வைக்க வேண்டாம். "சுத்திச் சுத்திப் போறியே!", "இங்க மூலை குத்துது பாரு" என்று கண்ணில் படுவதைச் சொல்லுங்கள். வட்டம் என்ற சொல்லும் அந்தப் பேச்சுக்குள்ளேயே வரட்டும். முக்கோணத்தை எப்போதும் கூரை மாதிரி உச்சி மேலே வைத்தே காட்டாதீர்கள். தலைகீழாக, ஒல்லியாக, படுக்கையாக என்று எல்லாவிதமாகவும் கைக்கு வரட்டும், இல்லாவிட்டால் கவிழ்த்துவைத்த முக்கோணத்தைப் பள்ளிக்கூடம் போன பிள்ளைகூட முக்கோணம் இல்லை என்று சொல்லும்.

துண்டுகளைப் பிள்ளையின் உள்ளங்கை அளவுக்குப் பெரிதாக வெட்டுங்கள். கோலிக்குண்டு, பொத்தான், பாசிமணி எதுவும் மேசைக்கு வரவே கூடாது, தொண்டையில் சிக்கும்.

அம்மாமார் பற்றியும் சொல்லவேண்டும். கொழுந்து நிறுத்துவிட்டுக் களைத்து வருகிறவர் கையில் கசங்கிய ஈரப் பேப்பரைக் கொடுத்தால், "இன்னைக்கு ஒன்னும் படிக்கலையா?" என்று கேட்பது இயல்பு. அதற்காக நீங்களே திருத்தி அழகாக்கிக் கொடுக்காதீர்கள். பிள்ளை செய்ததைச் சொல்லுங்கள்: "கரட்டைத் திருப்பித் திருப்பிப் பதிச்சுப் பார்த்தா, நீட்டமா வந்ததும் சிரிச்சா, திரும்பக் கேட்டா." வீட்டில் ரொட்டி தட்டும்போது ஒரு சின்ன மா உருண்டையைப் பிள்ளையிடமும் கொடுத்துத் தட்டச் சொல்லும்படி அந்த அம்மாவிடம் கேளுங்கள்.