36 படத்துக்குள் இருக்கிற இன்பம்

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, இந்தக் குளிரிலும் மஃப்ளரைச் சுற்றிக்கொண்டு வந்து உட்கார்ந்திருக்கும் ஊட்டி மக்களே, எல்லோருக்கும் வணக்கம்.

'படம் எடுப்பதில் பெரிய இன்பம் தருவது பிலிமா, டிஜிட்டலா?' என்பது இன்றைய தலைப்பு. பிலிமே என்று பேச வந்திருக்கிறேன். நடுவர் அவர்கள் எது வசதி என்று கேட்கவில்லை, எது மலிவு என்றும் கேட்கவில்லை. எது இன்பம் என்றுதான் கேட்டிருக்கிறார். எனக்கு முன்னால் பேசிய எதிரணித் தம்பியோ தன் நேரம் முழுக்க வசதியைப் பற்றியே பேசிவிட்டுப் போய் உட்கார்ந்துவிட்டார். என் வேலையில் பாதியை அவரே முடித்துக் கொடுத்திருக்கிறார். நன்றி தம்பி.

மேட்டுப்பாளையத்தில் மலை ரயில் ஏறி இங்கே வந்து இறங்குவதற்குள் நானூறு படம் எடுத்தேன் என்று மார்தட்டினார். ரயில் மேலே வந்து சேர ஏறக்குறைய ஐந்து மணி நேரம். கணக்குப் போட்டால் முக்கால் நிமிடத்துக்கு ஒரு படம் ஆகிறது, அதுவும் 16 குகை இருட்டையும் சேர்த்து! ஏன் தம்பி, கல்லாறு தாண்டியதும் பல்சக்கரம் பிடித்துக்கொள்ளும்போது வண்டியின் சத்தமே மாறுமே, அது காதில் விழுந்ததா? ஹில்குரோவில் எஞ்சின் தண்ணீர் குடிக்க நின்றபோது இறங்கி நின்றீர்களா, இல்லை எடுத்ததைத் திரையில் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தீர்களா? அதே வண்டியில் 36 படம் மட்டும் உள்ள ஒரு ரோலோடு ஏறியவன் முதல் அரை மணி நேரம் கேமராவைத் தொடவே மாட்டான். வெயில் எந்தப் பக்கம் அடிக்கிறது, வளைவில் எஞ்சின் எந்த ஜன்னலில் தெரியும் என்று பார்த்துக்கொண்டிருப்பான். எதை எடுக்காமல் விடுவது என்று யோசிக்கிறானே, அங்கேயே அவனுக்கு இன்பம் தொடங்கிவிடுகிறது.

பொதுவாகச் சொன்னால் கவிதை மாதிரி இருக்கிறது என்று எதிரணி சிரிக்கும். ஒரே ஒரு படம் எப்படி உண்டாகிறது என்று பார்த்துவிடுவோம்.

என் கேமரா பென்டாக்ஸ் கே1000. 1976-ல் வந்து 1997 வரை செய்யப்பட்டது. ஷட்டருக்கு பேட்டரியே வேண்டாம். வெளிச்சம் அளக்கும் மீட்டர் ஊசி ஆடுவதற்கு மட்டும் பொட்டு மாதிரி ஒரு பேட்டரி. அவலாஞ்சி பக்கம் ஒரு சோலை ஓரத்தில் நிற்கிறேன் என்று வையுங்கள். 400 வேகக் கறுப்பு வெள்ளை பிலிம். பள்ளத்திலிருந்து மிஸ்ட் ஏறி வருகிறது. முன்னால் பாசி பிடித்த ஒரு காட்டுப்பூவரசு, கோணல் மாணலாக. கண்ணை வைத்துப் பார்த்தால் விநாடியில் 125-ல் ஒரு பங்கு வேகத்துக்கு, லென்ஸ் திறப்பான அப்பர்ச்சர் நாலில் ஊசி நடுவில் நிற்கிறது. சரி, அமுக்கிவிடலாமா? கூடாது. மீட்டருக்கு வெள்ளையும் தெரியாது, கறுப்பும் தெரியாது. எதைக் காட்டினாலும் நடுச் சாம்பல் என்று எடுத்துக்கொள்ளும். அதன் பேச்சைக் கேட்டால் இந்த வெள்ளை வெளேர் மிஸ்ட், பிரிண்டில் துவைக்காத வேட்டி மாதிரி வந்து நிற்கும். அதனால் ஒரு ஸ்டாப் கூட்டி, அதாவது வெளிச்சத்தை இரண்டு மடங்காக்கி, 2.8-க்குத் திறக்கிறேன். எண் குறைந்தால் திறப்பு பெரிது.

அப்புறம் மரம். பட்டையில் இருக்கிற பாசி தெரிய வேண்டுமா, மரம் வெறும் கறுப்புக் கோடாக நின்றால் போதுமா? பாசி தெரிய வேண்டும் என்றால் இன்னும் கொஞ்சம் திறக்க வேண்டும். நெகட்டிவ் பிலிம் ஒரு ஸ்டாப், இரண்டு ஸ்டாப் வெளிச்சம் கூடினாலும் முகம் சுளிக்காமல் தாங்கிக்கொள்ளும். குறைந்தால்தான் நிழலில் ஒன்றும் மிஞ்சாது. டிஜிட்டலில் கதை நேர்மாறு. வெளிச்சம் அளவுக்கு மேல் போனால் மிஸ்ட் இருந்த இடம் வெறும் வெள்ளைதான், எந்தக் கம்ப்யூட்டராலும் திரும்பக் கொண்டுவர முடியாது. நம் மலையில் பாதி நாள் மிஸ்ட். இந்த ஊருக்கு எது பொருத்தம் என்று நீங்களே சொல்லுங்கள். சிவப்பு பில்டர் போட்டால் மிஸ்டுக்குள்ளேயும் தெரியும் என்று சிலர் சொல்வார்கள், நம்பாதீர்கள். தூரத்து மலையின் நீல மங்கலை அது வெட்டும். மிஸ்ட் என்பது தண்ணீர்த் துளி. அதனிடம் எந்த பில்டரும் செல்லாது.

இவ்வளவையும் முடிவு செய்துவிட்டுக் காத்திருக்கிறேன். மரம் முழுசாக மறைந்துபோகிறது. திரும்பக் கொஞ்சம் விலகுகிறது. கிளை தெரிகிறது, பின்னால் இருக்கிற மரங்கள் தெரியவில்லை. டக். லீவரை இழுத்துவிட்டேன், அவ்வளவுதான். நடுவர் அவர்கள் இந்த இடத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும். கேமராவின் முதுகில் திரை கிடையாது. அதனால் என் கண் கேமராவுக்குத் திரும்பவில்லை, அந்த மரத்தின் மேலேயே இருக்கிறது. டிஜிட்டல்காரர் இந்த நேரத்தில் குனிந்து, பெரிதாக்கி, சரியில்லை என்று அழித்துக்கொண்டிருப்பார். அவர் நிமிரும்போது மிஸ்ட் வேறு மாதிரி ஆகியிருக்கும்.

எதிரணி அக்கா அடுத்ததாக வைத்த வாதம், காத்திருப்பது கொடுமை என்பது. ரோல் முடியவேண்டும், கழுவவேண்டும், அதுவரை படம் வந்ததா இல்லையா என்றே தெரியாது, இது என்ன இன்பம் என்று கேட்டார்கள். ஆக்கப் பொறுத்தவனுக்கு ஆறப் பொறுக்கவில்லை என்பது பழமொழி. அக்காவுக்கு ஆக்கவும் பொறுமை இல்லை!

அந்தக் காத்திருப்பில் பிலிமுக்குள் என்ன இருக்கிறது தெரியுமா? ஜெலட்டினுக்குள் வெள்ளி உப்புப் படிகங்கள். வெளிச்சம் பட்ட படிகத்தில் நாலைந்து வெள்ளி அணுக்கள் ஒன்றுசேர்ந்தால் போதும். கண்ணுக்குத் தெரியாத படம் அங்கே உட்கார்ந்துவிட்டது. ரோல் கழுவும்போது டெவலப்பர் என்ற மருந்து வந்து அந்தப் புள்ளியைப் பிடித்துக்கொண்டு முழுப் படிகத்தையும் கறுப்பு வெள்ளியாக மாற்றும். அவலாஞ்சி மரம் என் ஸ்வெட்டர் பையில் அப்படித்தான் கீழே இறங்கி வருகிறது, இருக்கிறது, ஆனால் இன்னும் யாரும் பார்க்கவில்லை.

வீட்டுக்கு வந்தால் அடுத்த சுகம், ரோல் கழுவுவது. வெளிச்சம் புகாத கறுப்புப் பைக்குள் இரண்டு கையையும் விட்டு, கேசட் மூடியைப் பாட்டில் ஓப்பனரால் நெம்பி, பிலிமைத் தடவித் தடவி ரீலில் ஏற்ற வேண்டும். ரீலில் ஈரம் துளி இருந்தாலும் பிலிம் நகராது, ஒட்டிக்கொள்ளும். ஆடி மாதத்து ஊட்டியில் எது காய்ந்திருக்கிறது? துவைத்த சாக்ஸே நாலு நாள் காய்வதில்லை. அதனால் ரீலை ஹீட்டர் பக்கத்தில் வைத்து எடுத்துவிட்டுத்தான் பைக்குள் கையை விடுவேன். பை உள்ளே கை வியர்த்தால் மறுபடி ஒட்டும். கண்ணை மூடிக்கொண்டு, நாக்கைக் கடித்துக்கொண்டு, விரல் நுனியால் ஒவ்வொரு சுற்றாக ஏற்றும்போது பக்கத்தில் யார் பேசினாலும் காதில் விழாது.

பிறகு தண்ணீர். இங்கேதான் நம் மலைக்கும் சமவெளிக்கும் வித்தியாசம். டி-76 என்று ஒரு டெவலப்பர், கோடாக் 1927-ல் கொடுத்தது, இன்றும் உலகம் முழுக்கக் கலக்குகிறார்கள். அதற்கு 20 டிகிரி வேண்டும். மதுரைக்காரர் மே மாதத்தில் குழாயைத் திறந்தால் கொதிக்கும். ஐஸ் கட்டி வாங்கி ஓடுவார். நாம் ஜனவரியில் குழாயைத் திறந்தால் விரல் மரத்துப்போகும். கெட்டிலை அடுப்பில் ஏற்ற வேண்டும். அதில் இருக்கிற ஹைட்ரோகுவினோன் என்ற மருந்து 13 டிகிரிக்குக் கீழே போனால் கிட்டத்தட்ட தூங்கிவிடும். படம் சவசவ என்று வரும். தெர்மாமீட்டரைப் போட்டு, வெந்நீரைச் சொட்டுச் சொட்டாகச் சேர்த்து, 20-ல் நிறுத்தும்போது ஒரு நிறைவு வருமே, அதை எந்த ஆப் கொடுக்கும்? இல்ஃபோர்டு எச்.பி.5 பிலிம் என்றால் ஏழரை நிமிடம். ரீலையும் டெவலப்பரையும் போட்டு மூடிய டாங்கை ஒரு தட்டுத் தட்டிக் குமிழியைப் போக்கி, நிமிடத்துக்கு நாலு முறை கவிழ்த்து நிமிர்த்த வேண்டும். பிறகு டெவலப்பரை நிறுத்த ஸ்டாப் பாத், மிஞ்சிய வெள்ளி உப்பைக் கரைத்தெடுக்க ஹைப்போ, கடைசியில் தண்ணீரில் கழுவல். மூடியைத் திறந்து ஈரப் பிலிமை ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்தால், வெள்ளையாக இருந்த மிஸ்ட் கன்னங்கரேல் என்று இருக்கிறது, கறுத்த மரம் கண்ணாடி மாதிரி தெரிகிறது. என் வீட்டில் அதைப் பார்க்க வரிசையில் நிற்பார்கள், எட்டாம் வகுப்புப் பெண்ணிலிருந்து என் மாமியார் வரை. நானூறு படத்தில் ஒன்றைக் காட்ட எதிரணித் தம்பி கூப்பிட்டால் வீட்டில் யாராவது எழுந்து வருகிறார்களா?

தம்பி இன்னொரு குண்டையும் போட்டார். 'இந்து நகர் போய்ப் பாருங்கள், பிலிம் கம்பெனிக்கே பூட்டு' என்றார். கை தட்டினீர்கள். அந்தக் கைதட்டலின் நடுவே தலை குனிந்து உட்கார்ந்திருந்தவர்களையும் பார்த்தேன். 1960-ல் தொடங்கி 1967-ல் உற்பத்திக்கு வந்த இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸில் வேலை பார்த்தவர்களும் அவர்கள் பிள்ளைகளும் இந்த ஊரில் எங்கே கூட்டம் போட்டாலும் இருப்பார்கள். குளிரையும் தூசியில்லாத காற்றையும் பார்த்துத்தான் அந்த ஆலையை இங்கே வைத்தார்கள். நம் தண்ணீரும் நம் இருட்டும் சேர்ந்து செய்த 'இந்து' ரோல் எத்தனையோ ஊர் ஸ்டுடியோக்களுக்குப் போனது, இந்து எக்ஸ்ரே பிலிம் எத்தனையோ பேர் எலும்பைப் படம் பிடித்தது. ஆலை மூடியது உண்மை, வருத்தமான உண்மை. ஆனால் பூட்டுத் தொங்குவது ஆலை வாசலில். அதை வைத்து இன்பம் செத்துப்போனது என்று தீர்ப்பு எழுத முடியுமா? கோடாக் 2012-ல் திவால் மனு கொடுத்தது. அதே கோடாக், நிறுத்திவைத்த எக்டாக்ரோம் ஸ்லைடு பிலிமை 2018-ல் திரும்பக் கொண்டுவந்தது. புஜி நிறுத்திய கறுப்பு வெள்ளை ஆக்ரோஸ் 2019-ல் இரண்டாம் பிறவி எடுத்தது. பென்டாக்ஸ் 2024-ல் புத்தம் புதிதாக ஒரு பிலிம் கேமராவையே விற்பனைக்கு விட்டது. வாங்க ஆள் இல்லாமலா செய்கிறார்கள்?

செலவு. அதை மறைக்க மாட்டேன். இன்று ஒரு ரோல் வாங்கி, கழுவி, ஸ்கேன் செய்து முடிப்பதற்குள் ஒரு நல்ல தொகை பறந்துவிடுகிறது. 100 அடி ரோலாக வாங்கி நாமே கேசட்டில் சுற்றிக்கொண்டால் 18 ரோல் வரை தேறும். கறுப்பு வெள்ளையை வீட்டிலேயே கழுவினால் இன்னும் குறையும். அப்படியும் மலிவு என்று சொல்ல மாட்டேன். இன்னொன்றையும் ஒத்துக்கொள்கிறேன். கல்யாண வீட்டில் தாலி கட்டும் நேரத்தில் 'ரோல் முடிந்துவிட்டது, ஒரு நிமிடம்' என்றால் பந்தியில் இலை போட மாட்டார்கள். ராத்திரியில் தேயிலைக்குள் போகிற சிறுத்தையை எடுக்க என் கே1000-ஐ நம்பி யாரும் போக வேண்டாம். அதெல்லாம் வேலை. வேலைக்கு டிஜிட்டல்தான். ஞாயிற்றுக்கிழமைக்கு எது என்பதல்லவா இன்றைய வழக்கு?

'கடைசியில் நீங்களும் ஸ்கேன் செய்து வாட்ஸப்பில்தானே போடுகிறீர்கள்' என்று அக்கா மடக்கினார்கள். ஆமாம், போடுகிறேன். போட்ட பிறகும் நெகட்டிவ் என் அலமாரியில் இருக்கிறது அக்கா. 2006-ல் கொடைக்கானலில் குறிஞ்சி பூத்தபோது டிஜிட்டலில் எடுத்து சிடியில் ஏற்றி வைத்தவர்கள் இந்த அவையில் இருந்தால் கை தூக்குங்கள். அந்த சிடி இன்று ஓடுகிறதா? ஓட்டிப் பார்க்க வீட்டில் பெட்டியாவது இருக்கிறதா? நெகட்டிவுக்கு ஜன்னல் வெளிச்சம் போதும். நம் ஊர் ஈரத்துக்குப் பூஞ்சை பிடிக்கும், சிலிக்கா ஜெல் போட்டு வைக்க வேண்டும், அதையும் சொல்லிவிடுகிறேன். பிறகு எதிரணி எழுந்து அதையே பெரிதாகப் பேசும்.

மணி அடித்துவிட்டீர்கள் நடுவர் அவர்களே. தீர்ந்துபோன ஹைப்போவில் வெள்ளி இருக்கிறது, ஓடையில் கொட்டக் கூடாது, கேனில் சேர்த்து வெள்ளி பிரித்தெடுப்பவர்களிடம் கொடுக்க வேண்டும் என்று சொல்ல இருந்தேன். சுற்றுச்சூழலை வைத்து எதிரணி கேட்டால் எங்கள் அணியில் அடுத்து வருகிற அண்ணன் பதில் சொல்வார். வணக்கம்.