லீவுக்கு முன்னால் தேர்வா, பின்னால் தேர்வா? எல்லாம் ஒரு ஆகஸ்ட் திங்கட்கிழமையில் இருக்கிறது

[திரையில்: சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தின் கென்ட் ரிட்ஜ் வளாகத்தில் டிசம்பர் மழை]

வணக்கம் மக்களே! கிறிஸ்துமஸ் லீவுக்கு வீட்டுக்குப் போகிறீர்கள். பை நிறையப் புத்தகம். காரணம், தேர்வு இன்னும் முடியவில்லை, ஜனவரியில்தான். அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழக மாணவர்களுக்குப் பல காலம் டிசம்பர் இப்படித்தான் போனது. 2009-10 கல்வியாண்டில்தான் அங்கே தேர்வை லீவுக்கு முன்னால் கொண்டுவந்தார்கள். இன்னொரு அமெரிக்கப் பல்கலைக்கழகமான பிரின்ஸ்டன் மாறியது 2020-21இல்!

ஏன் அவ்வளவு காலம் ஜனவரித் தேர்வு? வகுப்பே செப்டம்பரில்தான் தொடங்கும், கிறிஸ்துமஸுக்குள் முடிக்க நாள் போதாது. அவ்வளவுதான் விஷயம்.

சரி, நம் ஊர்க் கணக்குக்கு வருவோம். எனக்கு ரொம்பப் பிடித்த இடம் இதுதான்.

[திரையில்: நாட்காட்டி]

சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் ஒரு செமஸ்டருக்கு வகுப்பு 13 வாரம். நடுவில் ரீசஸ், அதாவது வகுப்பில்லாத இடைவேளை, ஒரு வாரம். அப்புறம் தேர்வுக்குப் படிக்க விடும் ரீடிங் வீக் ஒன்று, தேர்வு இரண்டு வாரம். மொத்தம் 17.

2024இல் தேசிய தினம் வெள்ளிக்கிழமை வந்தது. அடுத்த திங்கள், ஆகஸ்ட் 12, வகுப்பு தொடக்கம். 17 வாரம் எண்ணிப் பாருங்கள். டிசம்பர் 7, சனிக்கிழமையோடு தேர்வு முடிந்தது. அடுத்த செமஸ்டர் ஜனவரி 13. நடுவில் ஐந்து வாரம், தேர்வு பயம் இல்லாமல் தூங்கலாம். இதே 17 வாரத்தைச் செப்டம்பர் 9இல் தொடங்கியிருந்தால்? தேர்வு டிசம்பர் 23 முதல் ஜனவரி 4 வரை! கிறிஸ்துமஸ் அன்று யார் தேர்வு வைப்பார்கள்? ஜனவரிக்குத் தள்ளத்தான் வேண்டும். நான்கே வாரம் தள்ளித் தொடங்கினால் மொத்த லீவும் போச்சு.

ஆனால் முன்னால் முடிக்க ஒரு விலை கொடுக்கிறோம். அது நம் வீட்டுக்குள்தான் தெரியும்.

[திரையில்: லிட்டில் இந்தியா விளக்குகள்]

2023இல் தீபாவளி நவம்பர் 12, ஞாயிறு. திங்கள் பொது விடுமுறை. அந்தத் திங்கள்தான் 13ஆவது வாரத்தின் முதல் நாள், அதாவது வகுப்பின் கடைசி வாரம். அந்த மாதக் கடைசியில் தேர்வு. எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டுப் புதுத்துணியோடு என் தங்கை மேசையில் உட்கார்ந்தாள். ஒரு பக்கம் முறுக்கு டப்பா, ஒரு பக்கம் நோட்ஸ். மாமா வீட்டுக்குக் கிளம்பும்போது பார்த்தேன், தாளின் ஓரத்தில் எண்ணெய்க் கட்டைவிரல் ரேகை அப்படியே பதிந்திருந்தது. 2024இல் தீபாவளி அக்டோபர் 31, 11ஆவது வாரம். கொஞ்சம் மூச்சுவிட முடிந்தது.

அதற்காகத் தேர்வை ஜனவரிக்குத் தள்ளுங்கள் என்று நான் கேட்க மாட்டேன். தேர்வு முடிந்த லீவுதான் லீவு. தீபாவளியை ஒட்டி இரண்டு நாளைக்கு மட்டும் எந்த அசைன்மென்ட்டும் கேட்காமல் இருந்தால் போதும். இதற்கு நாட்காட்டியைத் தொடவே வேண்டாம்.

அப்புறம் பொங்கல். இங்கே அதற்குப் பொது விடுமுறை கிடையாது. 2024 ஜனவரி 15 தைப்பொங்கல். இரண்டாம் செமஸ்டரின் முதல் நாளும் அதுவே. அன்று காலை எட்டு மணிக்கு வகுப்பு இருந்தவர்களே, பால் பொங்குவதைப் பார்த்துவிட்டுத்தான் பஸ் ஏறினீர்களா? கமென்ட்டில் எழுதுங்கள், ஒன்றுவிடாமல் படிப்பேன்.