கடைசி நாற்காலிக்கும் தெரிகிற ஸ்லைடு

வணக்கம் மக்களே. மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் இருந்து பேசுகிறேன். வெளியே நல்ல மழை, தகரக் கூரைச் சத்தம் கொஞ்சம் கேட்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். வரும் ஞாயிறு எங்கள் பழைய ரப்பர் தோட்டத்து ஆட்கள் எல்லாரும் பாலாய் ராயாவில், அதுதான் ஊர்ப் பொது மண்டபத்தில், கூடுகிறோம். தோட்டத்தின் கதையைச் சொல்ல ஸ்லைடு போடும் வேலை இந்த வருடம் என் கைக்கு வந்திருக்கிறது. செய்தபடியே உங்களுக்கும் காட்டுகிறேன்.

போன வருடக் கூட்டத்தில் பின்வரிசையில், எங்கள் லயத்து (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகள்) பெரியம்மா ஒருவரோடு உட்கார்ந்திருந்தேன். திரையில் எழுத்து இருக்கிறது, அவரால் படிக்க முடியவில்லை. "என்னா எழுதியிருக்கு, படிச்சுச் சொல்லும்மா" என்று நாலைந்து தடவை கேட்டார். அப்புறம் கேட்பதையே விட்டுவிட்டார். திரையில் ஓடியது அவர் பால் மரம் வெட்டிய, அதாவது மரத்தைக் கீறி ரப்பர் பால் எடுத்த காலத்துக் கதை! அது எனக்கு இன்னும் ஆறவில்லை. அதனால் ஒவ்வொரு ஸ்லைடையும் அவர் நாற்காலியில் இருந்து பார்த்துத்தான் செய்கிறேன்.

சரி, திரையைப் பாருங்கள். இது பவர்பாயிண்ட்டில் புதிதாகத் திறந்த ஸ்லைடு. தமிழில் ரெண்டு வரி தட்டியிருக்கிறேன். பெரிதாக்கிக் காட்டுகிறேன். மேல் வரியில் 'கூ', கீழ் வரியில் 'நீ'. கூவன்னாவின் சுழி கீழே இறங்குகிறது, நீயன்னாவின் கொக்கி மேலே ஏறுகிறது, ரெண்டும் முட்டிக்கொண்டு நிற்கின்றன. காரணம் என்ன? இப்போது வருகிற ஆபிஸ் தீமில் பத்தி எழுத்துக்கு வரி இடைவெளி 0.9 என்றே வைத்திருக்கிறார்கள். ஆங்கில எழுத்துக்கு அது போதும். நம் எழுத்து மேலேயும் கீழேயும் கை நீட்டுகிற எழுத்து, அதற்கு இடம் வேண்டும். 1.2 என்று மாற்றுகிறேன். பாருங்கள், இப்போது மூச்சு விடுகிறது.

இதை ஸ்லைடு ஸ்லைடாக மாற்றிக்கொண்டிருக்க வேண்டாம். 'வியூ' போய் 'ஸ்லைடு மாஸ்டர்' திறந்து, அங்கே ஒரே தடவை மாற்றினால் எல்லா ஸ்லைடுக்கும் போய்விடும். எழுத்தின் அளவும் அங்கேயேதான்: தலைப்புக்கு 44, கீழே 32. கையோடு ஆட்டோஃபிட்டையும் அணைத்துவிடுங்கள். எழுத்து பெட்டியை மீறினால் அது சத்தமில்லாமல் அளவைக் குறைத்துவிடும். நீங்கள் 32 என்று நினைத்துக்கொண்டிருப்பீர்கள், திரையில் 20தான் வரும்.

எழுத்து பெட்டிக்குள் அடங்கவில்லை என்றால் எழுத்தைச் சுருக்காதீர்கள், வாக்கியத்தைச் சுருக்குங்கள். இந்த ஊரில் பிறந்து அமைச்சராக இருந்த வீ. தி. சம்பந்தன் பற்றி எட்டு வரி எழுதியிருந்தேன். முதலாளிகள் தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்றது, ஜனங்கள் லயத்தை விட்டு வெளியேறியது, அவர் கூட்டுறவுச் சங்கம் வைத்துத் தொழிலாளர் பணத்தைச் சேர்த்துத் தோட்டம் வாங்கியது, எல்லாம் அதில் இருந்தது. இப்போது திரையில் ரெண்டே வரி: "தோட்டங்கள் துண்டாடப்பட்டன. 1960: தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம்." மிச்சத்தை நான் வாயால் சொல்வேன். மறந்துவிடாமல் இருக்கக் கீழே நோட்ஸ் பகுதியில் எழுதி வைத்திருக்கிறேன்.

நிறத்துக்கு ரொம்ப யோசிக்கவில்லை. பாலாய் ராயாவில் ஜன்னல் வெளிச்சம் நேராகத் திரையில் விழும், அதனால் வெள்ளைப் பின்னணியில் கறுப்பு எழுத்து. தமிழைச் சாய்த்து எழுதினால் என் கண்ணுக்கு எழுத்து விழப்போவது மாதிரி இருக்கிறது. அழுத்திச் சொல்ல வேண்டிய சொல்லுக்கு நிறம் மட்டும் மாற்றினேன்.

அடுத்து இந்தப் படம். என் அம்மாயி, தோளில் காண்டா வாளியோடு, அதாவது காவடிக் கம்பில் தொங்கும் பால் வாளியோடு. வாட்ஸாப்பில் வந்த படத்தைப் பெரிதாக்கினால் முகம் கட்டம் கட்டமாக உடைந்தது. மாமாவிடம் அதையே 'டாக்குமெண்ட்' ஆக அனுப்பச் சொன்னேன். இப்போது சேலையின் கரை வரைக்கும் தெரிகிறது. படத்தைப் பெரிதாக்கும்போது மூலையைப் பிடித்து இழுங்கள். பக்கவாட்டில் இழுத்தால் அம்மாயி முகம் அகன்றுவிடும், யாரோ வேறு ஆள் மாதிரி ஆகிவிடுவார். பெயரைப் படத்தின் மேலேயே போட்டிருக்கிறேன். அதற்கு அடியில் ஒரு கறுப்புப் பட்டை, 40 சதவீதம் ஊடுதெரிகிற மாதிரி. பட்டை இல்லாமல் வெள்ளைச் சேலை மேல் வெள்ளை எழுத்து காணாமல் போய்விட்டது.

இப்போது எனக்கு ரெண்டு ராத்திரி பிடித்த ஸ்லைடு. காலக்கோடு. நாலு வட்டம்: 1877, கோலகங்சாருக்கு ரப்பர் கன்று வந்தது. 1948, கம்யூனிஸ்ட் கிளர்ச்சியால் வந்த அவசரகாலம். 1957, சுதந்திரம். 1960, கூட்டுறவுச் சங்கம். நாலையும் தேர்ந்தெடுத்து 'அலைன்' போய் 'டிஸ்ட்ரிபியூட்' கொடுத்தேன், இடைவெளி சமமாகி அழகாக வந்துவிட்டது. ஆனால் மனம் ஒப்பவில்லை. முதல் இடைவெளி 71 வருடம், கடைசி இடைவெளி 3 வருடம். ரெண்டையும் ஒரே நீளத்தில் காட்டினால் அந்த 71 வருடத்தில் மரம் வெட்டியவர்களின் காலம் எங்கே போகும்?

அதனால் ஒரு வருடத்துக்கு 3 மில்லிமீட்டர் என்று கணக்குப் போட்டேன். 83 வருடத்துக்கு 24.9 சென்டிமீட்டர். ஸ்லைடின் அகலம் 33.87, தாராளமாக அடங்குகிறது. 1957ம் 1960ம் ஒட்டிக்கொண்டு வந்ததால் ஒன்றின் எழுத்தைக் கோட்டுக்கு மேலேயும் மற்றதைக் கீழேயும் வைத்துவிட்டேன். இப்போது அந்த நீண்ட வெறுங்கோட்டைப் பார்த்தாலே எத்தனை தலைமுறை என்று தெரிகிறது.

கடைசியாக எழுத்துரு. என் கணினியில் நிர்மலா யூஐ. விண்டோஸ் 8 முதல் அது கூடவே வருகிறது. பழைய லதா, விண்டோஸ் 10ல் தனியாகச் சேர்த்தால்தான் வரும். மேக்கில் நம் நாட்டு முத்து நெடுமாறன் வடிவமைத்த இணைமதி இருக்கிறது, பார்க்க எனக்கு ரொம்பப் பிடிக்கும், ஆனால் பாலாய் ராயா கணினி விண்டோஸ். அங்கே அது இருக்காது, வேறு எழுத்துரு வந்து உட்கார்ந்து வரியெல்லாம் இடம் மாறும். அதனால் நிர்மலாவிலேயே வைத்து, சேமிக்கும் இடத்தில் எழுத்துருவையும் கோப்போடு சேர்க்கும் கட்டத்தை டிக் செய்துவிட்டேன்.

சனிக்கிழமை சாயந்திரம் சாவி வாங்கி மண்டபத்தைத் திறக்கிறோம். பெரியம்மாவையும் கூட்டிப் போகிறேன், போன வருடம் உட்கார்ந்த அதே நாற்காலிக்கு. அவர் எந்த வரியில் தடுக்குகிறாரோ, அந்த வரியை அங்கேயே உட்கார்ந்து மாற்றிவிடுவேன்.