இல்லாத ஆல்பத்தைப் பக்கம் பக்கமாகக் கேட்டேன்

வணக்கம் நண்பர்களே. இன்றைக்கு ஒரே ஒரு புத்தகம்தான். மூன்று வாரமாக இதைப் பற்றிப் பேச வேண்டும் என்று கேமராவை எடுப்பேன், எங்கே ஆரம்பிப்பது என்று தெரியாமல் திரும்ப வைத்துவிடுவேன். நேற்று இரண்டாவது தடவையும் படித்து முடித்துவிட்டேன். இனிமேல் தள்ளிப்போட மனசில்லை.

இதோ, தெரிகிறதா? ‘டெய்சி ஜோன்ஸ் அண்ட் தி சிக்ஸ்’. டெய்லர் ஜென்கின்ஸ் ரீட் எழுதி 2019-இல் வந்த நாவல். ஓரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் மஞ்சள் சீட்டெல்லாம் நான் ஒட்டியவை. ஒரு கட்டத்துக்கு மேல் எதற்காக ஒட்டினேன் என்றே தெரியவில்லை, பக்கத்துக்குப் பக்கம் ஒட்டிவிட்டேன்.

கதை நடப்பது 1970-களில், அமெரிக்காவில். பிட்ஸ்பர்க்கில் பில்லி, கிரஹாம் என்ற அண்ணன் தம்பி ஒரு ராக் இசைக்குழு ஆரம்பிக்கிறார்கள். லாஸ் ஏஞ்சலஸுக்கு வருகிறார்கள். அங்கே டெய்சி என்ற பாடகி அவர்களோடு சேர்கிறாள். ‘ஆரோரா’ என்று ஒரு ஆல்பம் போடுகிறார்கள், நாடே அதைக் கேட்கிறது. அப்புறம் 1979 ஜூலை 12, சிகாகோவில் ஒரு கச்சேரி. அந்த இரவோடு குழு உடைந்துவிடுகிறது. முடிவைச் சொல்லிவிட்டேனே என்று பதற வேண்டாம், இதை ஆரம்பத்திலேயே சொல்லிவிடுகிறார்கள். ஏன் உடைந்தது என்பதுதான் கதை.

சரி, இந்த நாவலில் கதை சொல்பவர் என்று ஒருவர் கிடையாது. பல வருஷம் கழித்து, வயதான பிறகு, குழுவில் இருந்த ஒவ்வொருவரும் பேட்டி கொடுக்கிறார்கள். பெயர், அதற்குப் பக்கத்தில் அவர் பேசியது. அடுத்த பெயர், அவர் பேசியது. முழுப் புத்தகமும் இப்படியே போகிறது. வாய்மொழி வரலாறு என்று சொல்வோமே, அந்த வடிவம். எனக்கு முதல் முப்பது பக்கம் ஒட்டவே இல்லை. அறை எப்படி இருந்தது, வெளிச்சம் எப்படி விழுந்தது என்று சொல்ல ஆளே இல்லாமல் இதென்ன நாவல் என்று மூடிக்கூட வைத்தேன்.

மறுபடி எடுத்தபோதுதான் பிடிபட்டது. ஒரு இரவில் நடந்ததைப் பில்லி சொல்வான். அடுத்த வரியிலேயே டெய்சி அதே இரவை வேறு மாதிரி சொல்வாள். இரண்டு பேருமே பொய் சொல்லவில்லை. இரண்டு பேருக்கும் அது அப்படித்தான் நினைவில் நிற்கிறது. அந்த இரண்டு வரிக்கும் நடுவில் எதுவுமே எழுதியிருக்காது, ஆனால் உண்மையில் நடந்தது அந்த இடத்தில்தான் இருக்கும். அதை நாம்தான் கேட்க வேண்டும். கிடார் ஒரு பக்கம், கீபோர்டு ஒரு பக்கம் வாசிக்க, பாட்டு நம் காதுக்குள் சேருமே, அந்த மாதிரி.

‘ஹனிகோம்ப்’ என்ற பாட்டைச் சொன்னால் புரியும். மனைவி கமிலாவோடு வாழப்போகும் வாழ்க்கையை நினைத்துப் பில்லி எழுதிய பாட்டு அது. போதையிலிருந்து மீண்டு வந்தவன் அவன். நான் மாறிவிட்டேன், நமக்கு நல்ல காலம் வரும் என்று அவளுக்குக் கொடுக்கும் வாக்கு அந்தப் பாட்டு. டெய்சியை ஒரு பாட்டுக்கு மட்டும் சேர்ந்து பாட அழைக்கிறார்கள். அவள் வந்து வரிகளை மாற்றிவிடுகிறாள். நிச்சயமாக வரும் என்று அவன் எழுதியதை, வருமா என்று கேள்வியாக்கிவிடுகிறாள்.

பில்லிக்கு எப்படி இருந்திருக்கும்! மனைவிக்குக் கொடுத்த வாக்கில், யாரோ ஒரு பெண் வந்து சந்தேகத்தைக் கலந்துவிட்டாள். ஆனால் பாட்டு முன்பைவிட நன்றாக ஆகிவிட்டது. அது அங்கே இருக்கும் எல்லோருக்கும் தெரிகிறது, அவனுக்கும் தெரிகிறது. இந்தப் பகுதியை நான் நான்கு தடவையாவது படித்திருப்பேன். தன் மனதில் இருந்த பயத்தை முன்பின் தெரியாத ஒருத்தி கண்டுபிடித்து, அதை மைக்குக்கு முன்னால் பாடியும் விடுகிறாள். அந்தக் கோபத்தையும் ஈர்ப்பையும் பிரிக்கவே முடியாது. அதற்குப் பிறகு அவர்கள் இருவரும் எழுதும் எல்லாப் பாட்டிலும் இது தொடர்கிறது.

இன்னொரு விஷயம். மெட்டு எப்படி இருந்தது என்று புத்தகம் அதிகம் விவரிப்பதே இல்லை. பாடும்போது யார் யாரைப் பார்த்தார்கள், குழுவில் இருக்கும் எடி வாசித்த கிடாரை பில்லி திரும்ப வாசித்துப் பதிவு செய்தபோது எடிக்கு எப்படி வலித்தது, இப்படித்தான் சொல்லிக்கொண்டு போகிறது. கடைசியில் ஆல்பத்தின் பாட்டு வரிகள் எல்லாம் அச்சாகி இருக்கின்றன. அங்கே போனபோது எனக்குள் ஏற்கெனவே ஒவ்வொன்றுக்கும் மெட்டு இருந்தது. எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை.

கீபோர்டு வாசிக்கும் கேரன் பற்றி ஒரு வார்த்தை. கிரஹாமுக்குக் குடும்பம், குழந்தை வேண்டும். கேரனுக்கு இசை மட்டும்தான் வேண்டும், அம்மாவாக ஆசையே இல்லை. கதை அவளைத் தண்டிக்கவும் இல்லை, கடைசியில் மனம் மாற்றவும் இல்லை. அதற்காகவே இந்த எழுத்தாளரை எனக்கு ரொம்பப் பிடித்துவிட்டது.

படித்து முடித்ததும் ஃப்ளீட்வுட் மேக் என்ற நிஜ ராக் குழுவின் ‘ரூமர்ஸ்’ ஆல்பத்தைப் போட்டேன். 1977-இல் வந்தது. அந்தச் சமயத்தில் குழுவுக்குள்ளேயே இரண்டு ஜோடிகள் பிரிந்துகொண்டிருந்தார்கள். ஒருவரைப் பற்றி இன்னொருவர் பாட்டு எழுதுவார், யாரைப் பற்றி எழுதினாரோ அவரே பக்கத்தில் நின்று அதற்கு வாசிக்க வேண்டும். 1997-இல் அவர்கள் மீண்டும் சேர்ந்து செய்த நிகழ்ச்சியில், அப்படிப் பிரிந்த ஜோடிகளில் ஒன்றான ஸ்டீவி நிக்ஸ் பாடுவதை லிண்ட்சி பக்கிங்ஹாம் பார்த்த பார்வைதான் இந்த நாவலுக்கு விதை என்று எழுத்தாளர் சொல்லியிருக்கிறார். அந்தக் காணொளியைத் தேடிப் பாருங்கள். பிரிந்து இத்தனை வருஷம் ஆன பிறகும் அந்தக் கண்ணில் அது இருக்கிறது. என்ன என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை, அதற்கு எழுத்தாளருக்கு ஒரு முழு நாவல் தேவைப்பட்டிருக்கிறது.

2023-இல் இது பத்து பகுதித் தொடராகவும் வந்தது. ரைலி கீயோ டெய்சி, சாம் கிளாஃப்லின் பில்லி. ‘ஆரோரா’வை நிஜமாகவே ஆல்பமாகப் போட்டார்கள். பாட்டுகள் அழகு, நடிப்பும் அருமை. ஆனாலும் முதல் பாட்டு ஓடியபோது எனக்குள் இருந்த மெட்டு அழிந்துவிடுமோ என்று பயந்து நிறுத்திவிட்டேன், அப்புறம் ஒரு வாரம் கழித்துத்தான் பார்த்தேன். அதனால் புத்தகத்தை முதலில் படியுங்கள். உங்கள் ‘ஆரோரா’வை நீங்கள் கேட்டுவிடுங்கள்.

நாவலில் இந்தப் பேட்டிகளை எடுத்துக் கேள்வி கேட்பவர் யார் என்பதை மட்டும் நான் சொல்ல மாட்டேன். கருத்துப் பகுதியில் நீங்களும் சொல்லிவிடாதீர்கள், ப்ளீஸ். இரண்டாவது தடவை படிக்கும்போது, அது தெரிந்த பிறகு, ஒவ்வொரு பதிலும் எடை கூடி வருகிறது.

ஒலிப்புத்தகமும் இருக்கிறது, ஒவ்வொருவருக்கும் தனிக் குரல். டெய்சிக்கு ஜெனிஃபர் பீல்ஸ், பில்லிக்கு பாப்லோ ஷ்ரைபர். ஹெட்ஃபோன் சார்ஜில் போட்டிருக்கிறேன், இன்று இரவு மூன்றாவது தடவை ஆரம்பிக்கிறேன்.